இருபத்து மூன்றாம் இடத்தில் நின்றவர்

ரப்பர்த் தோட்டத்தின் நாள் விடியுமுன்னரே தொடங்கி, உச்சிப்பொழுது தாண்டுவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மரம் மரமாகச் சென்று பட்டையைச் சீவி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியிற் சேர்த்து, ஸ்டோரிலே நிறுத்துக் கொடுத்துவிட்டால், அதன் பின்னர் லயத்து வாசலில் நீண்டதொரு பிற்பகல் காத்துக் கிடக்கும். சப்ரகமுவ மாகாணத்திலே, இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகளில், அப்பிற்பகலை மழையும் வந்து இன்னும் நீட்டிவிடும். அத்தகைய மழைப் பிற்பகல் ஒன்றில், தெரணியகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் விறாந்தையில் ஒரு காட்சியைக் கண்டேன். சீமெந்துப் பையின் காகிதத்தைப் பிரித்து விரித்து, கரிக்கட்டையால் எட்டுக்கு எட்டாக அறுபத்து நான்கு கட்டங்கள் கீறி, சோடாப் போத்தல் மூடிகளைக் காய்களாக வைத்து, இரண்டு சிறுவர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தனர். மூடியின்மேல் ஒட்டிய காகிதத் துண்டில் ‘யா’ என்று எழுதியிருந்தால் அது யானை. ‘கு’ என்றால் குதிரை. ஒரு மூடி தொலைந்துபோனமையால் அதனிடத்தில் ஒரு ரப்பர் விதை காலாளாகக் கடமையாற்றிக்கொண்டிருந்தது.

ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பாடசாலையின் இளம் ஆசிரியர். பல்கலைக்கழக விடுதியிற் கற்றுக்கொண்ட ஆட்டமும், அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றுமே அவருடைய முதல். என்னோடு தேநீர் அருந்திக்கொண்டே அவர் சொன்னார்: “பிள்ளைகளுக்கு விருப்பம் இருக்கிறது, ஐயா. தாய்தகப்பன்மார் கேட்கிற கேள்விக்குத்தான் எனக்கு மறுமொழி தெரியவில்லை. ‘இதிலே எங்க புள்ளை முதலாவதா வருமா?’ என்று கேட்கிறார்கள். வராது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் எதற்காகப் படிப்பிக்கிறேன் என்று சொல்வது?”

அன்று நான் பொருத்தமாக எதையும் சொல்லவில்லை. பஸ் ஏறி, அவிசாவளையை நெருங்குகையிலேதான் ஒருவருடைய பெயர் நினைவுக்கு வந்தது. முதலாவதாக வந்தமைக்காக அன்று, கடைசியாக வந்தமைக்காக.

அவர் பெயர் மானுவல் ஆரோன். இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டர். சதுரங்கத்தை ஆடியும், அதனைப் பற்றி எழுதியும், பிறருக்குக் கற்பித்தும் அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்த தமிழர். விசுவநாதன் ஆனந்தின் பெயரை அறியாத பிள்ளை இன்று இல்லை. குகேஷின் பெயர் அதனிலும் அதிகமாக வழங்குகிறது. ஆரோனின் பெயரைச் சொன்னால், நம்மிடையே சதுரங்கப் பித்துப் பிடித்த சிலரைத் தவிர ஏனையோர் யாரென்று கேட்பர். ஆகவே அவர் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆரோன் 1935ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆந் திகதி பிறந்தது தமிழ்நாட்டிலன்று. பர்மாவின் டவுங்கூ நகரத்தில். இச்செய்தி மலையகத்து வாசகர்களின் நெஞ்சைத் தொடாமற் போகாது. மண்டபம் முகாமைக் கடந்து தலைமன்னாரிலே இறங்கிய நம் பாட்டன்மாரும், இரங்கூனுக்குக் கப்பலேறிய தமிழரும் ஏறத்தாழ ஒரே வறட்சியையும் ஒரே ஆசையையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள். சிலரைக் கடல் தெற்கே இறக்கியது, சிலரைக் கிழக்கே இறக்கியது. ஆரோன் வளர்ந்ததும் பள்ளியிற் படித்ததும் தமிழ்நாட்டில். பின்னர் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றார்.

அவர் இளைஞராயிருந்த நாட்களில் இந்தியச் சதுரங்கம் எந்நிலையில் இருந்தது என்பதை அறிந்தாலன்றி அவருடைய உழைப்பின் அளவு நமக்குப் புலப்படாது. சதுரங்கம் பாரதத்தில் பிறந்தது என்று பெருமை பேசுகிறோம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று என்பதும் உண்மை. ஆனால் பிறந்த வீட்டை விட்டுப் புறப்பட்ட ஆட்டம், பாரசீகம், அரபு நாடு, ஐரோப்பா என்று அலைந்து, அங்கங்கே புதிய விதிகளைக் கைக்கொண்டு, முற்றிலும் வேறு வேகம் பெற்றுவிட்டது. மெல்ல நகர்ந்துகொண்டிருந்த மந்திரி மேற்கே போய், பலகை முழுவதையும் ஆளும் மகாராணியாக மாறினார். இங்கேயோ பழைய வழக்கங்கள் பல இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் வீட்டுத் திண்ணைகளில் உயிரோடிருந்தன. அரசன் ஒருமுறை மாத்திரம் குதிரையைப் போலத் தாவலாம்; காலாள் முதல் நகர்வில் இரண்டு கட்டம் பாய்தல் கூடாது; கடைசி வரிசையை எட்டிய காலாள் தான் விரும்பிய காயாக அன்றி, அந்த வரிசைக்குரிய காயாகவே மாறவேண்டும். ஊருக்கு ஒரு விதி. தெருவுக்கு ஒரு திருத்தம். இவை இனிமையான வழக்கங்களே. ஆயினும் இவற்றைப் பழகியவன் சர்வதேசப் பலகையின் முன் அமர்ந்தால், அவன் அறிந்த திறப்புகள் ஒன்றுக்கும் உதவா.

இந்த இடைவெளியைத் தன் மேதையினாலேயே தாண்டியவர் ஒருவர் இருந்தார். மீர் சுல்தான் கான் என்னும் பஞ்சாபியர். சேர் உமர் ஹயாத் கான் என்ற பிரபுவின் பணியாளராக 1929இல் இங்கிலாந்துக்குச் சென்றவர், அவ்வாண்டிலேயே பிரித்தானியச் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1932இலும் 1933இலும் மீண்டும் வென்றார். 1930ஆம் ஆண்டு முடிந்து 1931 பிறக்கும் காலத்தில் ஹேஸ்டிங்ஸ் நகரத்துப் போட்டியிலே காப்பபிளாங்காவையே தோற்கடித்தார். முன்னாள் உலகச் சாம்பியனைத் தோற்கடித்தவர், இந்திய விதிகளிலே ஆட்டம் பயின்று வந்தவர் என்பதை எண்ணிப் பாருங்கள்! எசமானர் ஊர் திரும்பியபோது அவரும் திரும்பினார். அத்தோடு அவருடைய போட்டி வாழ்க்கை முடிந்தது. 1966இல் மறைந்தார். சர்வதேசச் சதுரங்க சம்மேளனம் அவருக்குக் கௌரவக் கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024இல்.

சுல்தான் கானோடு ஒப்பிட்டால், ஆட்டத்திறனில் ஆரோன் சிறியவர் என்றே நான் கருதுகிறேன். இதனைச் சொல்வதில் குறையொன்றுமில்லை. ஆனால் சுல்தான் கானின் சதுரங்கம் அவரோடு வந்து அவரோடு போய்விட்டது. அவரிடம் மாணவர் இல்லை. அவர் எழுதிய நூலில்லை. அவர் அமர்ந்து கற்பித்த மண்டபமில்லை. அதற்கு அவரைக் குறைகூறுதல் அநியாயம். இன்னொருவருடைய வீட்டிற் பணியாளராயிருந்தவர் எங்கே மண்டபம் எழுப்புவது? இருந்தும் விளைவு விளைவுதான். ஒரு மின்னல் வெட்டி மறைந்தது; வானம் பழையபடி இருண்டது.

அந்த இருளிலே சிறிய விளக்குகள் சில ஏற்றப்பட்டன. 1951இல் அகில இந்தியச் சதுரங்க சம்மேளனம் தோன்றிற்று. 1955இல் ஆந்திரத்து ஏலூரில் முதலாவது தேசியப் போட்டி நடைபெற்றது. அடுத்த ஆண்டில் மொஸ்கோவில் நடந்த ஒலிம்பியாட்டுக்கு இந்தியா முதன்முதலாக அணி அனுப்பியது. 1957இல் தமிழ்நாட்டுச் சாம்பியனாக ஆரோன் வெளிப்பட்டார். 1982 வரையில் அப்பட்டத்தைப் பதினொரு முறை வென்றார். 1959இல் தேசியச் சாம்பியனானார். 1981 வரையில் அதனை ஒன்பது முறை தமதாக்கிக்கொண்டார். புத்தகத்தைப் படித்து, திறப்புகளை ஆராய்ந்து, ஆடிய ஆட்டத்தை எழுதிவைத்துப் பிழை தேடிப் பழகவேண்டும் என்று சக வீரர்களிடம் அவர் வற்புறுத்தியதாகச் சொல்வர். இன்று இது பாலபாடம். அன்று, சதுரங்கம் என்பது பிறவி வரம், படித்து வருவதன்று என்று எண்ணியிருந்தோர் மத்தியில், ஒரு புதுமதம்போலவே ஒலித்திருக்கும்.

1961ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை. உலகச் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் நீண்ட ஏணியின் முதற்படியாகிய வட்டாரப் போட்டியிலே மொங்கோலிய வீரர் மோமோவை 3–1 என வென்றார். அடுத்து அவுஸ்திரேலியாவின் சீ. ஜே. எஸ். பர்டியை 3–0 என வென்றார். இந்தப் பர்டி யார் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிச் செல்ல வேண்டும். தபால் வழிச் சதுரங்கத்தின் முதலாவது உலகச் சாம்பியன் அவர். 1953இல் அப்பட்டத்தை வென்றார். பல பத்தாண்டுகள் ஒரு சதுரங்கச் சஞ்சிகையை நடத்தியவர்; எழுத்தினாலேயே ஒரு கண்டத்துக்கு ஆட்டம் கற்பித்தவர் என்று சொல்லத்தக்கவர். தோற்றவரிடமிருந்து வென்றவர் ஏதேனும் கற்றுக்கொண்டாரா என்பதை நாம் அறியோம். பிற்காலத்தில் ஆரோன் நடந்த பாதை மாத்திரம் பர்டியின் பாதையை ஒத்திருந்தது.

இவ்வெற்றிகளால் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டர் பட்டம் அவரை வந்தடைந்தது. அருச்சுனா விருது தொடங்கப்பெற்ற 1961ஆம் ஆண்டுக்குரிய முதற் பட்டியலிலேயே அவர் பெயர் இடம்பெற்றது. சதுரங்கத்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல்வர் அவரே. அதனோடு ஏணியின் அடுத்த படியும் திறந்தது. 1962ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமிலே நடைபெற்ற மண்டலங்களுக்கிடையிலான போட்டிக்கு அவர் சென்றார்.

இருபத்து மூன்று வீரர்கள். ஒவ்வொருவரும் ஏனைய அனைவரோடும் ஒருமுறை. ஆக இருபத்திரண்டு ஆட்டங்கள். சோவியத் வீரர்களில் பெட்ரோசியன், கெல்லர், கோர்ச்னோய், ஸ்டெயின். அமெரிக்காவிலிருந்து பதினெட்டே வயதான பொபி ஃபிஷர். இருபத்தாறு வயதில் அங்கு சென்ற ஆரோனுக்கு அத்தகைய சபை புதிது. அக்காலத்து ஆட்டம் ஒரே அமர்வில் முடிவதில்லை என்பதை இளைய வாசகர்கள் அறியமாட்டார்கள். குறித்த மணிநேரத்துக்குள் முடியாத ஆட்டத்தை நிறுத்தி, அடுத்த நகர்வை எழுதி உறையிலிட்டு ஒட்டி நடுவரிடம் ஒப்படைப்பர். ஆட்டம் மறுநாளோ பின்னரோ தொடரும். இடைப்பட்ட இரவில் வீரன் உறங்குவதில்லை. பெரிய நாட்டவரின் பக்கத்தில் தேர்ந்த துணைவர்கள் அமர்ந்து, நிறுத்திய நிலையை விடிய விடிய அலசிக் கொடுப்பார்கள். எதிராளி எந்தத் திறப்பை விரும்புவான், எந்த நிலையில் தடுமாறுவான் என்ற குறிப்புகள் முன்னரே தயாராயிருக்கும். அத்தகைய ஒரு மரபே அக்காலத்து இந்தியச் சதுரங்கத்துக்கு இல்லை. பலகையில் தனி மனிதன் ஒருவன் அமர்ந்திருந்தாலும், அவன் பின்னால் ஒரு நாட்டின் நூல்நிலையமும் பள்ளியும் பத்திரிகையும் அமர்ந்திருக்கின்றன என்பதே ஸ்டாக்ஹோமின் உண்மை.

ஃபிஷர் ஓர் ஆட்டமேனும் தோற்காமல் பதினேழரைப் புள்ளி பெற்று முதலாமிடத்தில் நின்றார். சோவியத் நாட்டவர் அல்லாத ஒருவர் அப்போட்டியில் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. பட்டியலின் மறுமுனையில், இருபத்து மூன்றாமிடத்தில், ஆரோன் நின்றார்.

இங்கே கதையை நிறுத்திவிட்டால் அது தோல்விக் கதை. ஆனால் பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்பவர் காணாத ஒன்று அதற்குள்ளே இருக்கிறது. கடைசி இடத்தில் நின்ற அதே மனிதர், ஹங்கேரியின் லாயோஸ் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஊல்மனையும் வென்றார். இருவரும் கிராண்ட் மாஸ்டர்கள். போர்டிஷ் பின்னாளில் எட்டுத் தடவை உலகச் சாம்பியன் பதவிக்கான தேர்வாளர் வரிசைக்கு உயர்ந்தவர். ஊல்மன், ‘பிரெஞ்சுத் தற்காப்பு’ என்ற ஒரே முறையை வாழ்நாள் முழுதும் காதலித்து, அதற்கே அதிகாரியாகக் கருதப்பட்டவர். அடுத்த படிக்கு ஏறக்கூடியவர் ஆறு பேர் மாத்திரமே. போர்டிஷும் ஊல்மனும் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டனர். கடைசி இடத்தவரிடம் இழந்த முழுப்புள்ளி அவ்விருவருடைய உறக்கத்தையும் எத்தனை இரவு கெடுத்திருக்குமோ! தனித்து நின்ற ஒருவன் தன் நல்ல நாளில் எவரையும் வெல்லலாம். இருபத்திரண்டு நாட்களும் நல்ல நாளாயிருக்க வேண்டுமானால் தனித்து நின்றால் நடவாது. அந்தப் பட்டியலை நான் இவ்வாறே படிக்கிறேன்.

ஆரோனும் ஏறக்குறைய அவ்வாறே படித்தார் என்பதற்கு அவர் வாய்மொழியை நான் தேடவில்லை. அவருடைய பின்வந்த ஆண்டுகளே சான்று. 1960இல் லைப்சிக், 1962இல் வார்னா, 1964இல் டெல் அவிவ் என மூன்று ஒலிம்பியாட்டுகளில் இந்தியாவுக்காக ஆடினார். கடைசியதில் அணித் தலைவராகவும் இருந்தார். உலகச் சாம்பியன் ஏணியிலே அதற்குமேல் அவர் ஏறவில்லை. தமக்கு இல்லாதிருந்தவற்றை, ஒவ்வொன்றாக, பிறருக்கென உண்டாக்கத் தொடங்கினார்.

1972இல் சென்னையில் இருந்த சோவியத் கலாசார நிலையத்தில் ‘தால் சதுரங்கக் கழகம்’ அவரால் தொடங்கப்பட்டது. ரீகா நகரத்து மிகயில் தால் 1960இல் போட்வின்னிக்கை வென்று உலகச் சாம்பியனானவர். காய்களைப் பலிகொடுத்துப் பாயும் அவருடைய ஆட்டத்துக்கு உலகெங்கும் இளைஞர் மயங்கியிருந்தனர். பெயரே பாதிப் பையன்களை இழுத்திருக்கும். மீதிப் பையன்களை இழுத்தவை பலகைகளும் கடிகாரங்களும் ரஷ்யப் புத்தகங்களும் சஞ்சிகைகளும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே அமர ஓர் ஆள். சதுரங்கம் கற்பவனுக்கு மிகவும் அரிதாகக் கிடைக்கும் பொருள், தன்னைவிடச் சற்றே வலிய எதிராளி. மிக வலியவனிடம் தோற்றால் ஏன் தோற்றோம் என்றே விளங்காது. மெலியவனை வென்றால் எதுவுமே கற்கமாட்டோம். அத்தகைய எதிராளிகள் ஒரே கூரையின்கீழ் கூடும் இடமாகக் கழகம் அமைந்தது.

தாயாரிடம் ஆறு வயதில் ஆட்டம் பயின்ற ஆனந்த் என்ற சிறுவன் அக்கழகத்துக்கு வந்தான். அங்கே நடந்த மின்னல்வேக ஆட்டங்களில் வென்றவர் அமர்ந்திருப்பார்; தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குச் செல்லவேண்டும். எழுந்தால் மறுபடியும் ஆடுவதற்கு நெடுநேரம் காத்திருக்க நேரிடும். எழாமலிருக்க வேண்டுமானால் வெல்ல வேண்டும். தமது வேகம் அங்கேதான் வளர்ந்தது என்று ஆனந்த் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பெரிய தத்துவம் எதுவும் இதில் இல்லை. ஆட்கள் அதிகம், பலகைகள் குறைவு. அந்தக் குறையே ஆசிரியராயிற்று. சீமெந்துப் பைக் காகிதத்தில் ஆடும் நம் சிறுவருக்கும் இச்செய்தி சிறிது ஆறுதலளிக்கும்.

கற்பிப்பவன் தன் எதிரிகளைத் தானே வளர்க்கிறான் என்பது எல்லாக் கலைகளுக்கும் பொது. சங்கீதத்தில் சீடன் குருவை மிஞ்சினால் குருவுக்குப் பெருமை; அதே மேடையில் அவரை வீழ்த்துவதில்லை. சதுரங்கத்திலோ மிஞ்சிய சீடன், சபையறிய, எண்ணிக்கையோடு வீழ்த்துகிறான். கழகத்தைத் தொடங்கியபோது ஆரோன் ஓய்வுபெற்ற வீரரல்லர், நடப்பிலிருந்த சாம்பியன். தாம் அறிந்ததைச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு மாலையும் தம் பட்டத்துக்குத் தாமே வெட்டும் குழி என்பது அவருக்குத் தெரியாதிருக்க முடியாது. 1978இல் தமிழ்நாட்டவராகிய வீ. ரவிக்குமார் இந்தியாவின் இரண்டாவது சர்வதேச மாஸ்டரானார். பதினேழு ஆண்டுகள் ஆரோன் ஒருவரே தாங்கியிருந்த பட்டம் அது. 1980களின் முற்பகுதியில் ஆனந்த் என்ற அந்தச் சிறுவன் தேசிய அளவிலான ஆட்டமொன்றில் ஆரோனையே வென்றான். இத்தனைக்கும் நடுவே, 1981இல், நாற்பத்தைந்து வயதில், ஆரோன் இன்னுமொருமுறை தேசியச் சாம்பியனானார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கற்பிப்பதால் ஆட்டம் மழுங்கும் என்று சொல்வோர் இவ்வாண்டை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அவருடைய மூன்றாவது தொழில் எழுத்து. ‘தி இந்து’ நாளிதழில் நெடுங்காலம் சதுரங்கப் பகுதி எழுதினார். 1980களிலிருந்து ‘செஸ் மேட்’ என்ற மாத இதழின் ஆசிரியராகவும் இருந்தார். சதுரங்கப் பத்தி எழுதுவது எளிதென்று நினைப்பவர் ஒருமுறை முயன்று பார்க்கட்டும். கைகுட்டை அளவு இடத்திலே நாற்பது நகர்வுள்ள ஓர் ஆட்டத்தை முழுவதும் தரவேண்டும். எந்த நகர்வில் கதை திரும்பியது என்று சொல்லவேண்டும். நிபுணன் முகஞ்சுளிக்காமலும், புதியவன் பயந்தோடாமலும் சொல்லவேண்டும். அதற்குமேல், ஒரு குதிரை ஒரு கட்டம் தவறி அச்சாகிவிட்டால் அன்றைய ஆட்டம் முழுவதும் குப்பை. வாசகன் தன் வீட்டுப் பலகையில் காய்களை நகர்த்திக்கொண்டே வந்து, நடுவழியில் அந்தரத்தில் நிற்பான். பழைய நாட்களில் நகர்வுகளைக் குறிக்கும் முறையும் சிக்கலானது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஒரே கட்டம் வெவ்வேறு பெயர் பெறும். 1981இல் சர்வதேச சம்மேளனம் அம்முறையைக் கைவிட்ட பின்னரே, ஒரு கட்டத்துக்கு ஒரே பெயர் என்ற எளிய குறியீடு எங்கும் நிலைத்தது.

ஆயினும் இப்பத்திகள் செய்த வேலை பெரிது. கழகத்துக்கு நடந்து வரக்கூடியவர் நகரத்துப் பிள்ளைகள் மாத்திரமே. பத்திரிகையோ புகைவண்டியிலும் பஸ்ஸிலும் ஏறி, கழகம் என்ற சொல்லையே கேள்விப்படாத ஊர்களுக்கும் போகும். பழைய தாளில் சுற்றிவந்த சீனிப் பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்த ஆட்டத்தை அடுக்கிப் பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். இதனை நான் கேள்வியால் சொல்லவில்லை. இளமையில் எனக்கும் அவ்வாறே ஓர் ஆட்டம் கிடைத்தது. பதினெட்டாவது நகர்வுக்குமேல் தாள் கிழிந்திருந்தது. கறுப்பு என்ன செய்திருக்கும் என்று பல மாதம் யோசித்தேன், இன்றைக்கும் தெரியாது.

2014இல், எண்பதை நெருங்கும் வயதில், விஜய் பண்டிட் என்பவரோடு இணைந்து, கி.பி. 570 முதல் 2010 வரையிலான இந்தியச் சதுரங்க வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். இதனை முதுமையின் பொழுதுபோக்கென்று நான் எண்ணவில்லை. சுல்தான் கானுக்கு நேர்ந்த மறதி இன்னொருவருக்கு நேரக்கூடாதென்றால், யாரேனும் ஒருவர் அமர்ந்து பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதிவைக்க வேண்டும். ஆட்டக்காரர் பெரும்பாலும் அதனைச் செய்வதில்லை.

அவர் நட்டவை என்ன ஆயின என்பதை விரைவிலேயே சொல்லிவிடலாம். பத்திரிகை படிப்போர் அறிந்ததே. 1988இல் ஆனந்த் இந்தியாவின் முதலாவது கிராண்ட் மாஸ்டரானார்; 2000இல் சம்மேளனத்தின் உலகப் பட்டத்தையும், 2007இல் ஐயத்துக்கிடமில்லாத உலகச் சாம்பியன் பட்டத்தையும் வென்று, 2013இல் சென்னையிலே கார்ல்சனிடம் அதனை இழந்தார். 2022இல் மாமல்லபுரத்திலே ஒலிம்பியாட் நடைபெற்றது. பாக்கு நீரிணையைத் தாண்டி இலங்கை அணிகளும் அங்கே சென்று ஆடின. 2024இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் பொது, மகளிர் என இரு பிரிவிலும் இந்தியா தங்கம் பெற்றது. அதே ஆண்டு டிசெம்பரில், சிங்கப்பூரில், பதினெட்டு வயதுச் சென்னைச் சிறுவன் குகேஷ் சீனத்து டிங் லிரனை வென்று உலகச் சாம்பியனானான். இந்தியக் கிராண்ட் மாஸ்டர்களின் தொகை எண்பதைத் தாண்டிவிட்டது. ஆரோன் அவர்களுள் ஒருவரல்லர். கிராண்ட் மாஸ்டர் பட்டம் அவருக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை.

எல்லாப் புகழையும் ஒருவர் தலையில் சுமத்துவது பிழையாகும். ஆனந்தின் தாயார், இளைஞரைப் போட்டிகளுக்கு அனுப்பிய பெற்றோர், மாநிலச் சங்கங்கள், பின்னாளில் கொடை தந்த நிறுவனங்கள், அரசாங்கம், அப்புறம் கணினி என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் அது. எனினும், தேர் நிலையில் நின்ற நாட்களில் வடத்தைப் பிடித்துத் தனியாக நின்றவர் யார் என்று கேட்டால், ஆரோன் என்று சொல்லத் தயக்கம் வேண்டியதில்லை.

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். லயத்துப் பிள்ளையின் கையிலும் இன்று கைபேசி வந்துவிட்டது. ஆரோன் ஒரு புத்தகத்துக்காகக் காத்திருந்த காலம் போய், இலட்சக்கணக்கான ஆட்டங்கள் விரல்நுனியில் வந்து நிற்கின்றன. நடுச்சாமத்திலும் எதிராளி கிடைக்கிறான். இதைக்கொண்டு, இனி ஆசிரியர் வேண்டியதில்லை என்று சொல்வோர் இருக்கிறார்கள். அந்த இளம் ஆசிரியர் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. கைபேசியில் தோற்ற பிள்ளை அடுத்த ஆட்டத்தை அழுத்துகிறது; தன் பிழையைப் பார்ப்பதில்லை. “தோற்றதும் எழும்பிப் போகாமல், எங்கே பிழை விட்டோம் என்று காய்களைத் திருப்பி அடுக்கவைப்பதுதான் என் வேலை” என்றார். பெற்றோரின் கேள்விக்கு மறுமொழி தெரியவில்லை என்று சொன்னவரும் அவர்தான்.

இரண்டாம் முறை அங்கே சென்றபோது, ஸ்டாக்ஹோம் போட்டியின் முடிவுப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆசிரியர் அதனைக் கரும்பலகையில் எழுதினார். ஃபிஷரின் பெயரைப் பிள்ளைகள் அறிந்திருந்தனர். கடைசியில் இருந்த பெயரைப் பார்த்து ஒருவன், “தமிழ்ப் பேரு மாதிரி இல்லியே, சேர்” என்றான். தமிழர்தான், பர்மாவில் பிறந்தவர் என்றதும், “அங்கேயும் தோட்டம் இருந்திச்சா?” என்று கேட்டான். பின்பு ஊல்மனையும் போர்டிஷையும் பற்றிச் சொன்னோம். ஒன்பதாவது, பத்தாவது இடங்களில் இருந்தவர்களைக் கடைசி ஆள் எப்படி வென்றார் என்பது அவர்களுக்கு நம்பமுடியாததாயிருந்தது. பின் வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, அதுவரையில் வாய் திறவாதவள், கேட்டாள்:

“அந்த ரெண்டு ஆட்டமும் எழுதி வச்சிருக்காங்களா, சேர்?”

எழுதிவைத்திருக்கிறார்கள் என்றார் ஆசிரியர். அடுத்த கிழமை கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார். மழை விட்டிருந்தது. ரப்பர் விதைக்குப் பதிலாக ஒரு புதிய மூடி கிடைத்திருந்ததால், பிள்ளைகள் அதன்மேல் ‘கா’ என்று எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.